போடி மழையில பொண்டாட்டியக் கூப்பிடப் போன கதை

எனக்குக் கல்யாணம் ஆனது ஒரு பங்குனி மாசம். பொண்ணு போடிநாயக்கனூரு. எனக்குச் சாத்தூருக்குக் கெழக்கே கரிசக்காடு. பருத்தி வெளையும், கம்பு வெளையும், தண்ணி மட்டும் வெளையாது. எங்க சித்தப்பா போடிக்குப் பருத்தி வண்டி ஓட்டிட்டுப் போன எடத்துல பேசி முடிச்ச சம்பந்தம் அது. பையன் எப்படின்னு கேட்டதுக்கு, "பல்லு வரிசையா இருக்கும், நல்லா ஒழைப்பான், முட்ட மாட்டான்"னு சொல்லியிருக்காரு. அவரு மாட்டுத் தரகும் பாப்பாரு, அந்தப் பழக்கம். ஊர்ல தண்ணி எப்படின்னு அவுகளும் கேக்கல, இவரும் சொல்லல.

வந்த புள்ள சித்திரையும் வைகாசியும் எங்க ஊர்ல கெடந்தா. ஊரணி வத்தி, நடுவுல ஊத்துத் தோண்டி, செரட்டையால மோந்து மோந்து ஊத்தி ஒரு கொடம் நெறையிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். வைகாசி கடைசியில அவ அண்ணன் வந்து, ஆத்தாளப் பாக்கணும்னு கூட்டிட்டுப் போனாரு. அப்புறம் ஒரு வண்டிக்காரரு மூலமா சேதி வந்துச்சு. பொண்ணு இனிமே வராது. மாப்ள மேல ஒரு கொறையும் இல்ல, ஊரு மேலதான் கொறை.

எம்மேல கொறை இல்லைன்னு சொன்ன மொத ஆளு அவதான். அதக் கேட்டு ரெண்டு நாளு மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சேன். பெறகுதான் ஒறச்சுது, மீசைய முறுக்கிப் பாக்க வீட்டுல ஆளு இல்லைன்னு. ஆனி பொறந்ததும் கெளம்பிட்டேன்.

"தனியா திரும்பி வந்துராத மாப்ளே, ஊரு சிரிக்கும்"னான் கூட்டாளி.

"நான் தனியா வந்ததா சரித்திரமே இல்லடா"ன்னேன். அதுக்கு முன்னால நான் எங்கேயும் போனதும் இல்ல.

போடிக்குள்ள காலு வச்சப்ப மத்தியானம். மேக்க மலை இருக்கும்னு சொல்லியிருந்தாக, மலையக் காணோம். மொத்த மலையவும் மேகம் முழுங்கி வச்சிருந்துச்சு. அங்கேருந்து ஒரு காத்து எறங்கி வந்து வேட்டிய உருவப் பாக்குது. காத்தோட பொடிப்பொடியா சாரலு. தெரு பூரா கம்பளி விக்கிறவுக, பொதிமாட்டுக்கு முதுகுல சாக்குக் கட்டுறவுக, மலைக்கு ஏறப் போற ஆளுக புகையிலைய மடியில முடியிறாக. மூட்டை அடுக்குற ஒவ்வொரு கெட்டங்கியத் தாண்டும்போதும் ஏலக்கா வாசம், பாயாசத்துக்குள்ள நடக்குற மாதிரி. மழை தலையில விழுகுது, ஒருத்தரும் நிமிந்து பாக்கல! எங்க ஊர்ல இப்படி நாலு தூத்தல் விழுந்தா கொலவ போட்டுருவாளுக. நான் நடுத்தெருவுல நின்னு வாயத் தொறந்து ஆன்னு நாக்க நீட்டிட்டேன்.

வெத்தலக் கடையில இருந்த ஒரு பொம்பள பாத்துட்டு, "அப்பு, பசிச்சா எதுத்தாப்புல சோத்துக் கடை இருக்கு, அத விட்டுட்டு மானத்தத் திங்கிறியே"ன்னா.

மாமனாருக்கு மலைமேல போடிமெட்டு தாண்டி ஒரு ஏலத்தோட்டம், கீழே நாலு பொதிமாடு. கொஞ்சமாப் பேசுற மனுசன். வாங்க மாப்ளேன்னாரு, எலையப் போடச் சொன்னாரு. சாப்பிடும்போதே நான் ஆரம்பிச்சுட்டேன். எம் பலமே வாயிதான்.

"மாமா, அது சித்திரையில ஒரு நாலு நாளு தண்ணி கொறஞ்சது. இப்ப ஊரணி தளும்புது. ஆடு மாடு குடிச்சு மிச்சம், நாங்க சும்மா காலக் கழுவிட்டுக் கெடக்கோம். ஒங்க மக வந்தா கொடத்தத் தூக்கவே வேணாம், தண்ணி தானா நடந்து வரும்."

மாமனாரு தலைய ஆட்டுனாரு. கதவுக்குப் பின்னால மாமியாரு, "அப்பிடின்னா அனுப்பி வைக்கலாம்ல"ன்னு சொன்னது எங் காதுல தேனா விழுந்துச்சு. எம் பொண்டாட்டி மட்டும் தூணுக்கிட்ட நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. பொய்யின்னு தெரியும் அவளுக்கு. ஆனா சொல்லல.

அத்தோட நான் கையக் கழுவிட்டு நிறுத்தியிருந்தா சோலி முடிஞ்சிருக்கும். உண்ட மயக்கத்துல முன்கட்டுல சாஞ்சேன். கண்ணு அசந்துருச்சு. திடீர்னு ஓட்டு மேல சடசடசடன்னு சத்தம். சாரல் இல்ல, பெருமழை. அரைத் தூக்கத்துல எனக்கு நான் எந்த ஊர்ல இருக்கேன்னு தெரியல. கரிசக்காட்டுக்காரன் ஒடம்பு, மழைச் சத்தம் கேட்டா தானா எந்திரிச்சிரும்.

"மழை! மழை! எல்லாத்தையும் வெளிய கொண்டாங்க! வெரசா!"ன்னு கத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள பாஞ்சேன். அண்டாவத் தூக்கி முத்தத்துல வச்சேன். கொடம், குண்டான், செம்பு, தோசைச் சட்டி, நெல்லளக்குற படி. கடைசியா மாமனாரோட வெத்தல எச்சில் துப்புற பித்தளைப் பணிக்கத்தையும் கொண்டாந்து ஓட்டுத் தண்ணி விழுகுற எடத்துல பதவிசா வச்சேன். வச்சிட்டு, ஒரு சொட்டும் வீணாகலைங்கிற பெருமையில இடுப்புல கையூனித் திரும்புறேன்.

குடும்பமே நிக்குது. கொல்லைப் பக்கம் கொட்டகுடி ஆத்துத் தண்ணி ஓடுற சத்தம் அவ்வளவு மழையிலயும் கேக்குது.

மாமனாரு ரொம்ப நேரம் பணிக்கத்தையே பாத்தாரு. "ஊரணி தளும்புதுன்னீகளே மாப்ளே?"

நான் பணிக்கத்தக் காலால மெதுவா ஓரமாத் தள்ளுனேன். எம் மச்சான் சிரிப்ப அடக்கமாட்டாம தெருவுக்கு ஓடிட்டாரு.

"எம் மக வரமாட்டா"ன்னாரு மாமனாரு. கோவமா சொன்னா மல்லுக்கட்டலாம், மெதுவா சொன்னாரு. "எச்சிப் பணிக்கத்துல தண்ணி புடிக்கிற ஊருக்கு நான் எப்படிப்பா புள்ளைய அனுப்ப?"

அப்பத்தான் அவ பேசுனா. "ஐயா, இவரு ஊரு வெயில்ல ரெண்டு மாசம் நான் இருந்தேன்ல? நம்ம ஊரு மழையில இவரு இருக்கட்டும். நம்ம தோட்டத்துக்கு ஏறட்டும். ஆடி முடியிற வரைக்கும் தாக்குப் புடிச்சா நான் போறேன்."

மாமனாரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "அட்டைக்குப் பயந்து பாதியில எறங்கி வந்துட்டீகன்னா, பொண்ண மறந்துரணும். சம்மதமா?"

"அட்டையா? நம்ம ஒடம்புல வாய வச்சா அதுக்குத்தான் ஆபத்து"ன்னேன். அட்டைன்னா என்னான்னு அப்ப எனக்குத் தெரியாது. ஏதோ பூரான் மாதிரின்னு நெனச்சேன்.

மறுநா காலையில மச்சானோட, பொதிமாட்டுக்குப் பின்னால ஏறுனேன். தலைய மூடுற மாதிரி கம்பளிய மடிச்சுக் கொங்காணி போட்டுக்கிட்டு. பாதி மலையில காலு குறுகுறுங்குதேன்னு குனிஞ்சு பாத்தா, முழங்காலு வரைக்கும் கருப்பா, பொசுபொசுன்னு, ஆளு ஆளாத் தொங்குறாக. நான் போட்ட கூச்சல்ல முன்னால போன மாடு மெரண்டுருச்சு. எதுக்க எறங்குன மலையாளத்து ஆளு ஒருத்தரு நின்னு பாத்து, "மழ தொடங்கியிட்டே உள்ளூ"ன்னு சொல்லிட்டுப் போனாரு. மழை இப்பத்தான் தொடங்கியிருக்காம். ஆறுதல் சொல்றதுல அந்தப் பக்கத்து ஆளுகள அடிச்சுக்க முடியாது.

தோட்டத்துல ஏலச்செடிக்கு நடுவுல களை எடுக்குறதுதான் சோலி. விடியும்போது மழை, மத்தியானம் மழை, மழை விட்டா மரம் பெய்யும். குடிசைக்குள்ள பொக. வேட்டி காஞ்சு நான் பாக்கவே இல்ல. காலுல புகையிலைத் தண்ணி தேச்சுக்கணும்னு மச்சான் சொல்லிக் குடுத்தாரு. தேச்சேன். வெத்தலையோட சேத்துத் திங்கிற மாதிரி அட்டைக அதையும் சேத்துத் தின்னுச்சுக.

மாடு எறங்கும்போதெல்லாம் மச்சான் கேப்பாரு. "மாப்ளே, கீழே போறீகளா? காஞ்ச வேட்டி, சுடு சோறு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"நீங்க போங்க மச்சான். நான் இல்லைன்னா இந்த அட்டைக பாவம், பட்டினி கெடந்துருமே."

இப்படிப் பேசிட்டுக் குடிசைக்குப் பின்னால போயி அழுவேன். மழையில அழுதா ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ள எங்க ஊரு ஊத்துல செரட்டையோட உக்காந்து இப்படித்தான் அழுதிருப்பா, அங்க மறைக்கிறதுக்கு மழைகூட இல்லையேன்னு ஒரு நா தோணுச்சு. அன்னியிலருந்து பின்னால போறத விட்டுட்டேன்.

ஆடி பாதி தாண்டியிருக்கும். மலைக்காய்ச்சல் வந்து விழுந்துட்டேன். கம்பளி மேல கம்பளி போட்டும் பல்லு தாளம் போடுது. சித்தப்பா சொன்ன அதே வரிசைப் பல்லு. மச்சான் ஒரு கம்புல கம்பளியத் தூளியாக் கட்டி, ஒரு ஆளச் சேத்துக்கிட்டு, என்னையத் தூக்கிக் கெளம்பிட்டாரு. காய்ச்சல்லயும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, எறக்குறாகன்னு. "நான் எறங்கல! நான் எறங்கல!"ன்னு கத்தி, கைக்கு எட்டுன ஒரு மரத்து வேரப் புடிச்சுக்கிட்டேன். மச்சான் வெரலு வெரலாப் பிரிச்சு எடுத்தாரு. அடுத்த வளைவுல இன்னொரு மரத்தப் புடிச்சேன். அப்புறம் அவரு என் கைய என் துண்டாலயே கட்டிட்டாரு.

வீட்டுல கொண்டாந்து கெடத்துனாக. கசாயம் குடிச்சு, கண்ணு தொறந்து, காது நல்லாக் கேக்க ஆரம்பிச்ச அன்னிக்கு மாமனாரு பேசுறாரு. "பாவம்தான். ஆனா பேசுனது பேசுனதுதான் தாயி. ஆடி முடியல, மாப்ள எறங்கி வந்துட்டாரு."

"இவரு எங்க எறங்குனாரு?"ன்னா அவ. "இவரு காலு ஒரு அடி கீழ எடுத்து வச்சதா? அண்ணன்கிட்டக் கேளுங்க. தூக்கிட்டு வந்தது ஒங்க மகன். ஏலமூட்டை எறங்குதுன்னா மூட்டையா நடந்து வருது? பேச்ச மீறுனது நம்ம வீடுதான் ஐயா, அவரு இல்ல."

மாமனாரு மச்சான் பக்கம் திரும்புனாரு.

"ரெண்டு மரத்த வேரோட புடுங்கப் பாத்தாரு"ன்னாரு மச்சான்.

"போ ஆத்தா, போ"ன்னாரு மாமனாரு. "அந்த ஊர்ல தண்ணி இல்லாட்டியும் ஒன் வாய வச்சுப் பொழச்சுக்குவ."

ஆவணியில கெளம்புனோம். வண்டி ஆண்டிபட்டிக் கணவாயத் தாண்டுனதும் சாரல் நின்னுபோச்சு, முன்னால கண்ணுக்கு எட்டுற தூரம் காஞ்ச பூமி. அது வரைக்கும் பேசிக்கிட்டே வந்தவ, "வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க"ன்னா.

நிப்பாட்டுனோம். எறங்குனா. வந்த வழியே பத்து எட்டு நடந்து போயி, மேக்க மேகத்தப் பாத்து நின்னா. நான் நம்ம வாய நம்பி எத்தனையோ எடத்துல பொழச்சிருக்கேன், அன்னிக்குக் கூப்பிடத் தைரியம் வரல. கையில கட்டு இல்ல, புடிச்சுக்க மரமும் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்.

திரும்பி வந்தா. சேலையச் சுருட்டிக்கிட்டு ஏறி எம் பக்கத்துல உக்காந்தா.

"ம். ஓட்டச் சொல்லுங்க."

எனக்குக் காய்ச்சல் விட்டது அப்பத்தான்.