சாலம்மாள் கேட்ட ஒரு படம்

சேலத்தில் குகை என்கிற பேட்டைப் பக்கம் போட்டோ பெரியசாமி வீடு எது என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்றுதான் விசாரிப்பார்கள். அவர் பிழைப்பு அப்படி ஆகிப்போயிற்று. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரே நம்பிய காலம். செத்த பிறகு குறைய என்ன இருக்கிறது? அப்போது மட்டும் ஆள் விட்டு அழைப்பார்கள். பெரியசாமி வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய், பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மோவாயை நிமிர்த்தி, கைகளை மடிமேல் சேர்த்து வைத்துப் படம் எடுப்பார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் நல்ல காரியம் எதற்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். நாமகிரிப்பேட்டையில் சொந்த அக்காள் மகள் கல்யாணச் சேதியே, எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கு வந்தது. பெண் கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை. நாற்பது வயதில் தானே பொங்கித் தானே தின்றுகொண்டு கிடந்தார். காலையிலிருந்து ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது பாயை விரிக்கும்போதுதான் சில நாள் அவருக்கே உறைக்கும். மனுஷனுக்கு அது பெரிய கொடுமை.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம், பட்டு வியாபாரி அங்கமுத்து அவரைத் தேடி வந்தார். வெளியூர்க் கடைகளுக்குச் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, ஒரு பெண் கட்டி நிற்கிற படத்தைக் காட்டினால் போதும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். பெரியசாமிக்குத் தலைகால் புரியவில்லை. உயிருள்ள ஆளை எடுக்கப் போகிறோம்! ஆனால் கட்டிக்கொண்டு நிற்க எந்த வீட்டுப் பெண் வருவாள், அதுவும் இந்த மனுஷன் முன்னால்?

வந்தவள் சாலம்மாள். பெரியசாமி முன்கட்டில் குடியிருந்த அதே வளவில், பின்கட்டு வீட்டில் அவள் அண்ணன் கருப்பண்ணன் தறி நெய்தான். அவள் அவனுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தாள். பதினாறு வயதில் தாலி அறுத்தவள், இந்த முப்பது வயது வரை வெள்ளைச் சீலைதான். நல்ல காரியத்தில் அவளையும் யாரும் எதிரே வர விடமாட்டார்கள். அதனாலோ என்னவோ, பெரியசாமியைக் கண்டால் அவளுக்குப் பயமில்லை. முகம் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அண்ணன் கண்டும் காணாமல் இருந்துவிட்டான்.

முதல் படத்தைப் பார்த்ததும் அங்கமுத்து மூஞ்சியைச் சுளித்தார். "ஏனுங்க, பொணத்துக்குப் பட்டுக் கட்டி உக்கார வெச்சாப்பல இருக்குதுங்களே" என்றார். பெரியசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. பொய் சொன்னால்தானே கோபப்படலாம்? முகம் தெரியாமல் அப்பால் திருப்பியதைத் தவிர, பழகின கை சாலம்மாளையும் நாற்காலியில் சாய்த்து, மோவாயை நிமிர்த்தி, கைகளைச் சேர்த்து வைத்திருந்தது.

அடுத்த தடவை நாற்காலியைத் தூக்கி மூலையில் போட்டார். அவளை நடக்கச் சொன்னார். படத்தில் புகைதான் விழுந்தது. அசையாமல் நின்றால் கட்டை, அசைந்தால் புகை. தலையைப் பிய்த்துக்கொண்டு அலைந்தவர், ஒரு நாள் பின்கட்டில் அவள் நூல் சுற்றுவதைப் பார்த்தார். இழை அறுந்ததும் ராட்டையை நிறுத்தி, மூச்சை அடக்கி, நுனியைத் தேடி எடுத்து முடிந்தாள். அந்த நேரத்தில் அவள் ஓர் இம்மியும் அசையவில்லை, கட்டையாகவும் இல்லை. அட, இவ்வளவுதானா என்று தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார்.

மறுநாள் அவளை வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தி, முந்தானையில் பிசிறு தேடச் சொன்னார். அவள் மூச்சை அடக்கியதும் லென்ஸ் மூடியைக் கழற்றினார். மடிப்பு மடிப்பாகச் சேலை விழுந்தது. அரக்குச் சேலை கறுப்பாய்த்தான் வந்தது. சிவப்பு அப்படி ஆகும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். கறுப்பில் ஜரிகை இன்னும் எடுப்பாக இருந்ததால் அங்கமுத்து வாயெல்லாம் பல்லாகிப் போனார். சேலைகள் தொடர்ந்து வந்தன.

அப்படி வந்த ஒரு சேலைக் கட்டுக்குள் வான நீலச் சேலை ஒன்று இருந்தது. சாலம்மாள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இதுல எனக்குன்னு ஒண்ணு எடுக்கறீங்களா? மொகம் தெரியோணுங்க" என்றாள். உயிரோடு இருக்கிற ஒருத்தி தனக்கு ஒரு படம் வேண்டும் என்று பெரியசாமியிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று அவள் நேராகப் பார்த்து நின்றாள். பொட்டு மட்டும் வைக்கவில்லை. கை வரவில்லை என்றாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பெட்டியின் கண்ணாடியில் உருவம் தலைகீழாக, நிறத்தோடு தெரியும். உருவம் தெளிவாக விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கண்ணாடிப் பிளேட்டைக் கழுவி அச்சுப் போட்டுப் பார்த்தார். முகம் அவ்வளவு தெளிவு. அவர் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம். சேலை மட்டும் வெள்ளை. சுத்த வெள்ளை. ஒளித்துவிடலாம் என்றால் அவள் காலையிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

சாலம்மாள் அழவில்லை. படத்தைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "இந்த வெள்ளை என்னைய உடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் முன்கட்டுப் பக்கமே வரவில்லை. தானே அவளுக்கு மறுபடியும் வெள்ளை கட்டிவிட்டதுபோல் பெரியசாமி குமைந்தார். அங்கமுத்துவின் ஆள் வந்து கூப்பிட்டபோது கதவைக்கூடத் திறக்கவில்லை.

பிறகு பிளேட்டு விற்கிற கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். இந்தப் பிளேட்டில் நீலம் வெள்ளையாகத்தான் விழுமாம். ஆகாயம் என்றைக்காவது வேறு மாதிரி விழுந்திருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷம் பெட்டியைத் தூக்கியவருக்கு இது தோன்றவில்லையே! பெரியசாமி வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்து நேரே பின்கட்டுக்குப் போனார். அந்தச் சேலை அதற்குள் விற்றுப் போயிருந்தது. விற்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பிளேட்டில் மறுபடி எடுத்துப் பயனில்லை. சொல்ல மட்டும்தான் முடியும். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

சாலம்மாள் ராட்டையை நிறுத்தினாள். "அப்ப, நானு நெசமாவே நீலத்துலதான் நின்னனுங்களா?"

"ஆமாங்க. கண்ணாடியில நீலமாத்தான் இருந்துச்சு. நானு பாத்தேன்."

"நல்லா இருந்துச்சுங்களா?"

கரை எப்படி, மடிப்பு எப்படி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அங்கமுத்துவிடம் சொல்லிப் பழகிய பேச்சு அது. அவள் கேட்டது அதுவல்ல என்று நல்லவேளையாக அவருக்குப் புரிந்தது.

"நீங்க நல்லா இருந்தீங்க" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணனின் தறிச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. நிமிராமலேயே, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.