கொடுவா வாலில் கறுப்புக் கயிறு

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதற்கு ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று எங்கள் குப்பத்தில் யாரும் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிகிற நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து இறங்குவார்கள். தலையில் தொப்பி, கையில் தென்னங்குச்சி மாதிரி வளைகிற ராடு, அதில் முடி கனத்துக்கு ஒரு நரம்பு, டப்பா நிறைய பிளாஸ்டிக் மீன்கள். அவர்களைப் பைபர் படகில் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தின் எந்தத் தூணடியில் எந்த மீன் கிடக்கும் என்று காட்டுவதுதான் நைனாவின் வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

குப்பத்தில் கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா? "இன்னா மச்சான், இன்னிக்கு எத்தினி மீனுக்கு முத்தம் குடுத்து அனுப்புன?" என்று வலை பின்னிக்கொண்டிருக்கிறவர்கள் கேட்பார்கள். நைனா சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அஞ்சாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அப்போதே வாய் காது வரைக்கும் இருந்தது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை.

மீனை விடுவதிலும் ஒரு முறை இருந்தது. இழுபட்டு இழுபட்டுக் களைத்துப்போன மீனை அப்படியே தூக்கிப் போட்டால் மல்லாந்துவிடும். நைனா படகோரம் குனிந்து, வாலுக்கு முன்னால் ஒடுங்குகிற இடத்தை ஒரு கையால் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குள்ளேயே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துவார். செவுள் திறந்து மூட ஆரம்பிக்கும் வரைக்கும் விடமாட்டார். "நம்ப வுடக் கூடாது. அதுவா கைய ஒதறிகினு போவணும்" என்பார். போனதும் வந்தவரிடம், "கொடுவா வூடு மாத்தாது சார். இதே தூணாண்டதான் கெடக்கும். நான் இங்க வலயும் போட மாட்டேன், தூண்டியும் போட மாட்டேன். நீங்களே வந்து மறுபடி புடிங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். அந்த வாக்கை நம்பித்தான் அத்தனை பேரும் நைனாவைத் தேடி வந்தார்கள்.

அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி, பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கரைக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கட்டி கரைந்ததோ இல்லையோ, அம்மா கரைந்துகொண்டிருந்தாள். முடி கொட்டிப்போய்த் தலையில் துணி கட்டியிருப்பாள். காசிமேட்டில் மீன் விற்கிற அத்தை, நைனாவின் அக்கா, ஒரு தர்காவில் ஓதி வாங்கி வந்த கறுப்புக் கயிற்றை அம்மாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்தாள். கட்டும்போது சரியாக இருந்த கயிறு, சித்திரை வெயில் ஏறுவதற்குள் தொளதொளவென்று ஆகி, ஒரு சனிக்கிழமை அம்மா கை கழுவும்போது தானாகவே நழுவி விழுந்தது.

நான் அதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். கயிறு தானாக இறங்கிவிட்டது என்றால் நோவும் அதனோடு இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? எங்கள் பக்கத்தில் திருஷ்டி கழித்தது எதுவானாலும் கடலில்தான் போடுவோம். ஆனால் எனக்கு அலையின் மேல் நம்பிக்கை இல்லை. அது அறுந்த செருப்பைக்கூட மறுநாள் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். இதைக் கொண்டுபோக உயிருள்ள ஏதாவது வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

மறுநாள் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். "இட்டுகினு போ நைனா. எத்தினி நாளுதான் கொயந்த என் மூஞ்சயே பாத்துகினு ஒக்காந்திருக்கும்" என்று அம்மாவும் சொன்னாள். அம்மாவும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று வந்தவர் டாக்டர் சார். மாதம் ஒரு தடவையாவது வருவார். ஊரில் பெரிய டாக்டராம், படகில் ஏறினால் மட்டும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுவார். பாலத்தின் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அவருடைய பிளாஸ்டிக் மீனை ஒரு கொடுவா அடித்தது. ராடு வில்லாக வளைந்தது. நரம்பு அறுந்துவிடாமல் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, அவர் அதைப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. என் கை நீளத்துக்கு மேலே இருந்தது. போட்டோ எடுத்து முடித்ததும் நைனா அதைத் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நானும் புடிக்கிறேன் நைனா" என்று குனிந்து, பாவாடை நாடாவில் செருகியிருந்த கயிற்றை எடுத்து வால் ஒடுங்குகிற இடத்தில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டேன்.

"என்னம்மா கட்டறே?" என்றார் டாக்டர் சார்.

நைனா கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடையாளம் வெக்குது சார்" என்றார். அதற்கப்புறம் மீனை வழக்கத்தைவிட ரொம்ப நேரம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். அது ஒரு உதறு உதறிக் கலங்கிய தண்ணீருக்குள் போனது. போய்த் தொலை, திரும்பி வராதே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் நைனா வண்டியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். டாக்டர் சார் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக் காகிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"இனிமே ஊசி மருந்துன்னு அவங்களைப் படுத்த வேணாம்" என்றார். "வலி தெரியாம இருக்க மட்டும் எழுதித் தரேன். அவங்க ஆசைப்பட்டு என்ன கேக்கறாங்களோ, செஞ்சு குடுங்க."

"செரி சார்" என்றார் நைனா. மஞ்சப்பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி வேண்டாம்! மருந்து வேண்டாம்! கயிற்றை மீன் வாலில் கட்டி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அது வேலையைக் காட்டிவிட்டது! வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். பின்னால் நைனா கத்தினார். "ஏய்! நில்லுடி! சொல்லாத, நில்லு!" அப்படி அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். விடுவேனா? இன்னும் வேகமாக ஓடினேன்.

அம்மா சுவரோரம் சாய்ந்து படுத்திருந்தாள். "எம்மா! ஊசி வாணாமாம்! மருந்து வாணாமாம்! டாக்டர் சாரே சொல்ட்டாரு! நீ ஆசப்பட்டு கேக்குறதெல்லாம் குடுக்க சொல்ட்டாரு!"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். நைனா நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அப்டியா சொன்னாரு? எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

டாக்டர் சார் மாதிரியே இல்லாத தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொல்லிக் காட்டினேன். அம்மா சிரித்தாள். "அப்ப எனக்குக் கொடுவா கொழம்பு வோணும். மாங்கா போட்டு" என்றாள்.

அத்தை மறுநாளே காசிமேட்டிலிருந்து கொடுவா கொண்டுவந்தாள். ஐசில் கிடந்த மீன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு முகத்துவாரத்து மீன்தான் வேண்டும், அதுவும் அன்றைக்குப் பிடித்ததாக. நைனா மூன்று நாள் சுற்றினார். தண்ணீரில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்த சமயம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஓரங்களில் கெளுத்திதான் கிடைத்தது. நாலாம் நாள் காலையில் ஈரச்சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து அலுமினியக் குண்டானில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அத்தை பின்பக்கம் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சாக்கை விலக்கிப் பார்த்தேன். வாலில் கறுப்புக் கயிறு. இரண்டு முடிச்சு.

தொலைத்து அனுப்பிய நோவு வீட்டுக்குள்ளேயே வந்து படுத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழம்பாகி அம்மாவின் வயிற்றுக்குள் போகப் போகிறது. மீனைப் பாவாடையில் போட்டுச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். என் பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். அலை அதைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மறுபடி வீசினேன். மறுபடி கொண்டுவந்து போட்டது.

அப்போதுதான் நைனா செய்கிற முறை ஞாபகம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாலை ஒரு கையால் பிடித்து, வயிற்றை மறுகையால் தாங்கி, முன்னும் பின்னும் நகர்த்தினேன். செவுள் திறக்கும், இதோ திறக்கும் என்று பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். "போயிடு, போயிடு" என்று அழுதுகொண்டே நகர்த்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அடிப்பாவி, ஒங்கம்மா வாய் தொறந்து கேட்ட ஒண்ணுடி அது!" என்று அத்தை கரையில் நின்று கத்தியது கேட்டது. நைனா தண்ணீருக்குள் இறங்கி வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா துண்ணக் கூடாது நைனா. நோவு கீது அதுல. நான்தான் கட்டி அனுப்புனேன்" என்றேன்.

நைனா கரையிலிருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என் எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்து, என் கைமேல் தன் கையை வைத்து, என்னோடு சேர்ந்து அந்தச் செத்த மீனை நாலைந்து தடவை முன்னும் பின்னும் நகர்த்தினார். "போதும் கண்ணு, வுட்டுடு" என்றார். நான் விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தார். மீனைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் போய், அலை திருப்பாத இடத்தில் விட்டுவிட்டு வந்தார்.

அன்று அம்மா வெறும் மாங்காய்க் குழம்பில் இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். "கொடுவா வாசம் அப்டியே கீது" என்றாள். அத்தை தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டு நான் செய்ததையெல்லாம் கேட்டாள். கயிறு விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நோவு போயே போச்சா?"

"போயே போச்சு. நைனாவே கொண்டுபோய் வுட்டாரு."

"செரி. டாக்டர் இன்னா சொன்னாரு, சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அம்மா செத்துப்போனாள். நைனா அந்த மூன்றாவது தூணுக்கு யாரையும் மறுபடி கூட்டிக்கொண்டு போகவில்லை. வாக்குத் தவறிவிட்டேன் சார் என்று டாக்டர் சாரிடம் மட்டும் சொன்னாராம். மீன் என்மேல் ஆத்திரப்பட்டுத்தான் இப்படிச் செய்துவிட்டது, இல்லையென்றால் நான் இரண்டு முடிச்சுக்குப் பதில் மூன்று போட்டிருக்க வேண்டும் என்று நான் ரொம்ப நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, யாரையோ பார்க்கப் போன ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு டாக்டர் ஒருவரிடம் மெல்லிய குரலில், "அவங்க ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்று சொல்வதைக் கேட்டேன். கேட்ட மனிதர் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நைனா ஏன் அப்படிக் கத்திக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார் என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி நடித்து, என் அம்மாவிடம் அதைச் சொன்னது நான். அவள் இன்னொரு வாட்டி சொல்லு என்று கேட்டுச் சிரித்தாள்.