வாசலோரத்து வெறுந்தரை

இராணுவக் கிடங்கிலிருந்து இரண்டு கம்பளிகளைத் திருடியவன் நான். அந்தப் பழியை இன்னொருவர் மேல் போட்டவனும் நான்தான்.

யுத்த காலம். ஆவடிக் கிடங்கில் எனக்கு ஸ்டோர் குமாஸ்தா வேலை. சேக்காட்டிலிருந்து வந்த ஒருவர் அங்கே மூட்டை சுமந்தார். என்னைவிட மூத்தவர். இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. மார்கழியில் என் மனைவி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது கம்பளிகளை எடுத்துப் போனேன். கிடங்கின் வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். “கடைசியாக உள்ளே போனது அந்த ஆள்தான்” என்றேன். அது பொய்கூட இல்லை. அதனால்தான் சொல்ல எளிதாக இருந்தது. அவரை அடித்து வேலையிலிருந்து விரட்டினார்கள்.

சபையும் அவரைத் தண்டித்தது. குற்றம் செய்தவர் எங்கள் கோயிலில் பாயில் உட்காரக் கூடாது, வாசலோரம் வெறுந்தரைதான். திருவிருந்தில் சுற்றிவரும் திராட்சரசப் பாத்திரம் அவரிடம் போகாது. ஒப்புக்கொண்டால் அன்றே பாய்க்கு வரலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓராண்டுக்கு மேல் தரையிலேயே உட்கார்ந்தார்.

“கம்பளி திருடுறவனுக்குப் பாய் இன்னாத்துக்கு?” என்றார் சபை மூப்பர் ஒருவர். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஒரு திருவிருந்து ஞாயிறன்று போதகர் அவரை மறுபடி கேட்டார். “ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடேன்.”

“செய்யாததச் செஞ்சேன்னு சொல்லிட்டு இதக் குடிச்சா நெஞ்சுல எறங்குமா ஐயா?”

எனக்கு ஒவ்வொரு முறையும் இறங்கியிருந்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு போதகர், விதிப்படி, இருவரையும் பாயில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. “அவர் இருந்த அத்தனை காலமும் நானும் தரையில் இருக்கிறேன்” என்று வாசலோரம் போய் உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்ய நினைத்த பரிகாரம்.

பாத்திரம் முதலில் அவரிடம் வந்தது. அவர் அதை வாங்காமல் எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“இன்னா நைனா, நான் எந்திரிச்சதும் எடத்தப் புடிச்சிக்கினியா?”

“எனக்கு இது வேணும் அண்ணே.”

“உனக்கு வேணும், சரி. எனக்கு? உன்ன உட்டுட்டு நான் மட்டும் குடிக்க மாட்டேன். இன்னும் ஒரு வருசம் என்னியப் பட்டினி போடப் போறியா?”

தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. எழுந்தேன். அவர் குடித்தார், அடுத்து நான் குடித்தேன். பெண்கள் பக்கம் இருந்த அவர் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் துரையிடமும் சொன்னேன். என் வேலை போயிற்று. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு இருவரும் திருவேற்காட்டுப் பக்கம் ஒரே செங்கல் சூளையில் கூலிக்குப் போனோம். மத்தியானம் தன் கஞ்சியில் பாதியை அவர் என் பக்கம் தள்ளுவார். அதைக் காய்ச்சிக் கொடுத்தனுப்பிய அவர் மனைவி, சாகும்வரை என்னோடு பேசவில்லை.