பதினாறு மரப்பெயர்கள்

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது எழுதும் ஆசையில் அல்ல. ஒரு கடிதத்துக்காக வந்தார். அதை முதல் நாளே மறைக்காமல் சொன்னார்.

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய ஒரு லொட்ஜில், மூன்று பேருக்கான அறையில் ஐந்தாவது ஆளாக இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த முப்பது வயது ஆண் கொழும்பில் நிற்பதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அது பொலிஸ் பதிவுப் படிவத்தில் ஒரு வரிக்குள் அடங்கவும் வேண்டும். வெளிநாடு போகக் காத்திருப்பதும் காரணம்தான். ஆனால் சில மாதங்களுக்கு மேல் அதை யாரும் ஏற்பதில்லை. அவர் ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தார். இரண்டு தடவை கொண்டுபோய் விசாரித்து விட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை விடமாட்டார்கள் என்று லொட்ஜ் முகாமையாளரே சொல்லிவிட்டார். 'இன்னார் எமது பத்திரிகையின் எழுத்தாளர்' என்று பத்திரிகையின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் இருந்தால் தப்பலாம்.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த அலுவலகத்தில் ஞாயிறு இணைப்புக்கு நான் பொறுப்பு. அந்த நாட்களில் போர்ச் செய்திகள் தணிக்கைக்குப் போய்ப் பாதியாகத் திரும்பி வரும். மீதி இடத்தை நிரப்பத் தீங்கில்லாத விடயம் ஏதாவது வேண்டும். 'தீங்கில்லாத' என்பது ஆசிரியரின் சொல்.

"அக்கா, என்னட்ட ஒரு சாமான் இருக்கு. இஞ்ச ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டினம்" என்று அவர் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். தடித்த அட்டை. உள்ளே ரஷ்ய எழுத்தில் கட்டம் கட்டமாக அட்டவணைகள்.

அவர் சோவியத் நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போனவர். படித்து முடிப்பதற்குள் அந்த நாட்டுக்கு அந்தப் பெயர் இல்லாமல் போய்விட்டது. அங்கே பொறியியல் மாணவர்களிடம் ஒரு மோகம் இருந்திருக்கிறது. சோசியோனிக்ஸ் என்று பெயர். மனித சுபாவங்களைப் பதினாறு வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு எந்த வகை ஒத்துவரும் என்று சொல்வது. அது விஞ்ஞானமா என்று கேட்டேன். "விஞ்ஞானம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், இல்லையெண்டுறவையும் இருக்கினம். சாதகம் பாக்கிற சாத்திரத்தைவிடப் பரவாயில்லை" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பெயர்களில்தான் சிக்கல். ஒவ்வொரு வகைக்கும் அவர்கள் மூன்று விதமாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று மூன்று எழுத்துக் குறியீடு. முதல் எழுத்து அந்த ஆளின் பலமான குணம், இரண்டாவது அதற்குத் துணை போகும் குணம், மூன்றாவது அவர் வெளிநோக்கியவரா உள்நோக்கியவரா என்பது. இன்னொன்று புகழ்பெற்ற ஒருவரின் பெயர்: ஒரு பேரரசர், தலை வெட்டப்பட்ட ஒரு புரட்சிக்காரர், சில நாவலாசிரியர்கள். மற்றது, தேடுபவர், இணக்குபவர், தளபதி என்பது போல ஆளின் பங்கைச் சொல்லும் பெயர். எதைத் தமிழில் போடுவது என்று முடிவெடுக்க ஆசிரியரின் மேசையைச் சுற்றி நால்வர் இருந்தோம். ஆசிரியர், நான், அவர், அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநர்.

ஒப்புநோக்குநர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பின் எங்களிடம் வந்தவர். வாய் சும்மா இராது. மூன்று எழுத்துக் குறியீடுகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதிய தாளை வந்தவரிடம் வாங்கிப் பார்த்தார்.

"என்ன புரொபசர், இயக்கங்கட லிஸ்டா? இருக்கிறது காணாதெண்டு இன்னும் பதினாறா?"

ஆயுத இயக்கங்களையும் நாங்கள் அப்படி ஆங்கில எழுத்துகளால்தான் சொல்வோம். ஆசிரியர் சிரிக்கவில்லை. தாளை வாங்கித் தலைகீழாக வைத்தார். "எழுத்து வேண்டாம்."

"சரி, ஆக்களின்ட பேரை வைப்பம்" என்றார் வந்தவர். "அங்க வெள்ளைக்கார ராசாக்கள். நாங்கள் எங்கட ராசாக்களின்ட பேரைப் போடலாம்."

"தம்பி, எங்கட ராசாக்கள் ஒவ்வொருத்தரின்ட பேரிலயும் இப்ப ஒரு பொடியன் காட்டுக்க நிக்கிறான்" என்றார் ஆசிரியர். "வேற சொல்லும்."

பங்கைச் சொல்லும் பெயர்களை வாசித்தார். தளபதி என்ற இடத்தில் ஒப்புநோக்குநர் கையை உயர்த்தினார். "தளபதிக்கு ஆர் சேர் லைசன்ஸ் தாறது? முதலாளி எண்டு போடுங்க. ரெண்டும் ஒரே குணந்தான்." இணக்குபவர் என்றால் சமாதானப் பேச்சைக் குத்துவதாக எடுப்பார்கள் என்றார் ஆசிரியர். அப்படிப் பதினாறில் ஏழு போயிற்று.

மரங்களின் பெயரை வைக்கலாம் என்று சொன்னது நான்.

எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது. மரத்துக்குக் கட்சி இல்லை என்றேன். பிறகு பட்டியலைப் பார்த்தபோது அதுவும் முழு உண்மையாக இல்லை. பனை வேண்டாம், பனையென்றால் வடக்கு என்று ஆசிரியர் வெட்டினார். வாகை, வெற்றிக்குச் சூடுவது, வேண்டாம். அரசமரத்தைப் பௌத்தர்கள் கும்பிடுகிறார்கள், அதைத் தொடக்கூடாது. கொய்யாவும் முருங்கையும் வேறு வழியில்லாமல் உள்ளே வந்தன.

அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. வெளியே வரும்போது சொன்னார்: "மூண்டெழுத்தைப் பார்த்தா அந்த ஆள் எப்பிடி எண்டு பிரிச்சுச் சொல்லலாம் அக்கா. வேம்பெண்டா என்ன விளங்கும்? கசக்குமெண்டுதான் விளங்கும். பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ளயாவது எழுத்தைப் போடுங்கோ. தெரிஞ்ச ஆராவது பார்த்தா, இது இன்ன படிப்பு எண்டு விளங்கும்."

பார்க்கிறேன் என்றேன். பக்கம் கட்டும்போது அடைப்புக்குறிகள் வரியை இழுத்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கடிதம் கிடைத்தது. நான்தான் ரைப் செய்தேன், ஆசிரியர் ஒப்பமிட்டார். அதை நான்காக மடித்து, பொலித்தீன் உறைக்குள் வைத்து, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலி வீதிச் சோதனைச்சாவடியில் முதல் தடவை அதைக் காட்டிவிட்டு வந்த நாளில், "வாசிச்சிட்டுத் திருப்பித் தந்தவன் அக்கா, மடிச்ச மாதிரியே மடிச்சுத் தந்தவன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

பத்தியின் பெயர் 'பதினாறு மனிதர்'. முதல் வாரம் உதாரணத்துக்குத் தன்னையே எடுத்துக்கொண்டார். 'நான் வேம்பு' என்று தொடங்கியது அந்தக் கட்டுரை. நன்றாக எழுதியிருந்தார். தனியாகச் சிந்திப்பவர், பிறர் அவசரத்துக்கு அசையாதவர், சொல்லத் தெரியாதவர் என்று தன்னைப் பற்றிச் சொல்லி, வேம்புக்குப் புளிதான் இணை என்று முடித்திருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் தங்கள் மரத்தைக் கேட்டுப் பின்னால் திரிந்தார்கள்.

"எனக்கு என்ன மரம் புரொபசர்?"

"நீங்கள் பலா."

"உள்ளுக்க இனிப்பெண்டுறீங்க."

"இல்லை. தொட்டாப் பிசினெண்டுறன்."

ஒப்புநோக்குநர் அதை அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் தானே சொல்லிச் சிரித்தார். நான் என்ன மரம் என்று கேட்டேன். மரத்தைச் சொல்லாமல் மூன்று எழுத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார். விளக்கம் கேட்கவில்லை. அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று தெரியாது.

வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கின. தங்கள் குணத்தை நாலு பக்கத்துக்கு எழுதி, தாங்கள் என்ன மரம், யாரைக் கட்டலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்டார்கள். பதில்களை முதலெழுத்தும் ஊரும் மட்டும் போட்டுப் பிரசுரித்தோம். முழுப் பெயரோடு தங்கள் மனதைப் பத்திரிகையில் காட்ட அந்நாளில் யாருக்கும் துணிவில்லை.

கொலன்னாவையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் மூன்று வாரத்தில் முடிவு சொல்வார்கள், அதற்கு முன் மாப்பிள்ளைக்குத் தான் ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டிருந்தார். இவர் பதினான்கு வரியில் பதில் எழுதித் தந்தார். இடம் நான்கு வரிக்குத்தான் இருந்தது. சுருக்கினேன். அச்சில் வந்தது இது:

'ச.ம., கொலன்னாவை: நீங்கள் புளி. வேம்பு உங்களுக்கு ஒத்துவரும். இப்போது எதுவும் செய்ய வேண்டாம். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருங்கள்.'

சுருக்கியதில் கலியாணம் வெளியே போய்விட்டது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன.

மூன்று வாரம் கழித்து, இயக்கம் தாக்கியதில், கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே வானம் கறுப்பாக நின்றது. மேசைகளில் கரி படிந்தது. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். அந்த நான்கு வரி என் நினைவுக்கு வரவில்லை. வேறு யாருக்கும் வந்ததாகவும் தெரியவில்லை.

பொலிஸார் இரண்டு பேர் சிவில் உடையில் வந்தார்கள். மூத்தவரின் கையில் ஒரு கோப்பு. அதில் பத்தியின் எல்லா வாரங்களும் வெட்டி ஒட்டப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கில மொழிபெயர்ப்பு ரைப் செய்யப்பட்டிருந்தது. நல்ல வேலை. நான் பார்த்த வரையில் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

கொலன்னாவைக்குப் போட்ட பதிலில் ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "மே கொஹொம்ப கவுத?" இந்த வேம்பு யார்.

பதில் அதே கோப்பில், முதல் வாரத்தின் முதல் வரியில் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

ஆசிரியர் இது ஒரு படிப்பு, ரஷ்யாவில் உள்ளது என்று சிங்களத்தில் விளக்கினார். அப்படியானால் அந்தப் படிப்பின் சொற்கள் எங்கே என்று கேட்டார் மூத்தவர். ரஷ்யர்கள் மனிதரை வேம்பு, புளி என்றா சொல்கிறார்கள்? இல்லை என்றார் ஆசிரியர். அப்படியானால் இவை ஏன் மாற்றப்பட்டன? அந்தப் பெண்ணின் கடிதத்தையாவது காட்டலாம் என்று பியோனைக் கூப்பிட்டேன். மாத முடிவில் வாசகர் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பழைய பேப்பர்க் கடைக்குப் போவது வழக்கம். போய்விட்டன என்றார் அவர். அந்தக் கடிதம் ஏதோ ஒரு கடலைச் சுருளாக முடிந்திருக்கும்.

பிறகு மூத்தவர் என் பக்கம் திரும்பினார். மரப்பெயர்களை வைத்தது யார் என்று கேட்டார். ஆசிரியர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தியை எழுதுபவர் அவர்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. கேட்ட கேள்விக்கான பதிலும் இல்லை. சிங்களத்தில் அதைச் சொல்வது இலகுவாக இருந்தது.

அன்று பின்னேரம் லொட்ஜில் அவரைப் பிடித்தார்கள். கொப்பியையும் எடுத்தார்கள். அதில் ரஷ்யக் குறியீடுகளுக்கு எதிரே லொட்ஜில் இருந்தவர்களின் பெயர்கள் இருந்தன. பொழுதுபோகாமல் அவர்களுக்கும் வகை பார்த்திருக்கிறார். கடிதத்தை எடுத்து நீட்டினாராம். அதை வாங்கி, விரித்து வாசித்து, கோப்புக்குள் வைத்தார்களாம். இதை லொட்ஜ் முகாமையாளர் தொலைபேசியில் சொன்னார்.

மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இன்னொரு கடிதம் அடிக்க வேணும்." அதே தாள், அதே ரைப்ரைட்டர். மேற்படி நபர் எமது நிரந்தர ஊழியர் அல்லர், அவரது ஆக்கங்களுக்கு எமது நிறுவனம் பொறுப்பல்ல. ஒப்புநோக்குநர் அதை வாங்கி எழுத்துப்பிழை பார்த்தார். ஒரு பகிடியும் விடவில்லை. "பிழை ஒண்டுமில்ல மிஸ்" என்று திருப்பித் தந்தார். பத்தி வந்த இடத்தில் அடுத்த ஞாயிறு முதல் இராசிபலன் போட்டோம்.

சில மாதங்கள் கழித்துப் பொலிஸ் அறிக்கை ஒன்று ஆங்கிலத்தில் தொலைநகலில் வந்தது. தடுப்பில் உள்ளவர்களின் பட்டியல். அவருடைய பெயருக்குப் பக்கத்தில், மாற்றுப்பெயர் என்ற இடத்தில், வேம்பு என்று இருந்தது. எங்கள் பத்திரிகையில் அதற்கு ஒரு நடை உண்டு. பெயரை எழுதி, 'எனப்படும்' என்று போட்டு, மற்றப் பெயரைப் போட வேண்டும். என்ன செய்வது என்று ஆசிரியரைக் கேட்டேன். "வந்த மாதிரிப் போடு" என்றார். போட்டேன்.

பத்தி எழுதியவரின் அக்கா வந்தது அதற்கு இரண்டு வருடங்களின் பின். வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்காகக் காத்துக் கிடந்து, வந்து, ஊரவர் ஒருவரின் வெள்ளவத்தை ஃபிளாட்டில் தங்கியிருந்தார். எங்கள் அலுவலக முன் அறையில் கதிரையின் நுனியில் இருந்தார். வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. தம்பி உங்கள் பத்திரிகையில் எழுதியவன் என்று ஒரு கடிதம் தந்தால் சட்டத்தரணியிடம் கொடுக்கலாம் என்று கேட்டார். அப்படி ஒரு கடிதம் முன்பு தந்திருக்கிறீர்களாமே, அதன் பிரதியாவது இருக்குமா?

ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். திரும்பி வந்து, இல்லை என்றேன்.

அவர் அழவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். "போன கிழமை பார்த்தனான். மெலிஞ்சு போனான். அங்க அவனை எல்லாரும் வேம்பெண்டுதானாம் கூப்பிடுறது. காலமை டாப்பில பேர் கூப்பிடேக்கையும் வேம்பெண்டாத்தான் எழும்ப வேணுமாம். சொந்தப் பேரைச் சொன்னா, பொய் சொல்லுறாயெண்டு அடியாம்." கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட வீட்டில ஒருத்தரும் அவனை அப்பிடிக் கூப்பிட்டதில்லை பிள்ளை. ஆர் அவனுக்கு இந்தப் பேரை வைச்சது? உங்களுக்கேதும் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

நம்பினார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனேன். வெள்ளவத்தைக்கு எந்த பஸ், எங்கே ஏறுவது என்று கேட்டார். அதைச் சரியாகச் சொன்னேன்.