எலிகளுக்குக் கொடுத்த உளுந்தங்களி

உப்பளத்தில் வேலை இல்லாமல் போனதால் எலி வளர்க்கும் வேலைக்குப் போனேன். 2005ஆம் வருஷம் அது. முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்ததில், மரக்காணத்தில் நாங்கள் வேலை செய்த பாத்திகளில் சேறு ஏறிவிட்டது. அதை அள்ளிப் போட்டு, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி தண்ணீர் பாய்ச்சுவதற்குள் பாதி சீசன் போய்விடும் என்றார்கள். புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவும் வேலையில் ஒருவர் இருந்தார். பொம்மையார்பாளையத்துக்காரர், எங்கள் அண்ணனுக்குப் பழக்கம். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார்.

"பத்தாவது பாஸ். கை சுத்தம். வாய் பேசாது. எலிக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று அங்கே சொன்னாராம்.

வாய் பேசாது என்றது உண்மைதான். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். எலிகளிடம் அந்தத் தொல்லை இல்லை. தீனி போட்டு, தண்ணீர் பாட்டில் மாற்றி, கூண்டில் உமி மாற்றினால் போதும். ஒரு மாசத்தில் கையை நீட்டினால் தானாக ஏறி வந்து உட்கார ஆரம்பித்தன.

நான் கவனித்துக்கொண்ட எலிகள் ஓர் ஆராய்ச்சி மாணவியுடையவை. தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். "மேடம்னா திரும்பவே மாட்டேன்க்கா" என்றாள். அதற்குப் பிறகு பாப்பா.

அவள் செய்த ஆராய்ச்சி கிஸ்பெப்டின் என்ற ஒரு ஹார்மோனைப் பற்றியது. உடம்பிலேயே ஊறுகிற சின்னப் புரதத் துண்டு. அதை முதலில் கண்டது கேன்சர் ஆராய்ச்சிக்காரர்களாம். கேன்சர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பரவாமல் அது தடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த ஊரில் கிஸ், அதாவது முத்தம், என்ற பெயரில் ஒரு சாக்லேட் மிட்டாய் பிரபலம் என்பதால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்களாம். சில வருஷம் கழித்துப் பார்த்தால், சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பதினெட்டு, இருபது வயதாகியும் பருவம் வராமல் இருந்தது. சோதித்ததில், இந்த ஹார்மோன் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்கள் உடம்பில் பழுதாக இருந்தது.

"ஒரே மருந்து கேன்சருக்கும் வேணும், வயசுக்கு வர்றதுக்கும் வேணுமா?" என்று கூண்டு கழுவும் அண்ணன் கேட்டார். "சந்தையில மைக் வச்சி விக்கிறானே லேகியம், அது மாதிரியில்ல இருக்குது!"

"மருந்து இல்லண்ணே. எல்லார் மூளையிலயும் ஊறுது. உங்களுக்கும் ஊறுது."

"எனக்கா? எனக்கு இனிமே ஊறி இன்னா புண்ணியம்?"

பாப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி விளக்கினாள். மூளையில் இது ஊறினால்தான் மற்ற ஹார்மோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். பருவம் வருவதும், பிறகு பிள்ளை உண்டாவதும் அதற்கப்புறம்தான். வாய்க்காலில் முதல் மடையைத் திறந்தால்தானே பாத்தி பாத்தியாகத் தண்ணீர் போகும்? எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பதினாறு பெண் எலிக்குட்டிகள். பால்குடி மறந்த மறுநாளிலிருந்து எட்டுக்குத் தினமும் அந்த ஹார்மோன் ஊசி. மற்ற எட்டுக்கும் ஊசி உண்டு, ஆனால் அதில் வெறும் உப்புத் தண்ணீர். அதைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்றுவிட்டு, பஸ் ஏறி இங்கே வந்தாலும் அதுதானா!

குட்டியாக இருக்கும்போது பெண் எலிக்குக் கீழே வழி மூடியிருக்கும். பருவம் வந்ததும் திறக்கும். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, நோட்டில் அதன் நம்பருக்கு நேராக எழுதுவது என் வேலை. பிறகு தராசில் வைத்து எடையும் எழுத வேண்டும்.

ஒரு வாரம் மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்றே எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் ஒன்பதாம் நம்பரைத் திருப்பினேன், திறந்திருந்தது. ஹார்மோன் ஊசி போட்டவற்றில் ஒன்று அது. பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவள் குதித்தே விட்டாள்.

"அக்கா! வயசுக்கு வந்துட்டா! இத்தனை சீக்கிரமா!"

தாழ்வாரத்தில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூண்டு கழுவும் அண்ணன், "தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பியாச்சா?" என்றார்.

அந்த வாரம்தான் எங்கள் அண்ணன் மகளும் வயதுக்கு வந்திருந்தாள். வீட்டில் தினமும் உளுந்தங்களி. உளுத்தம் மாவில் வெல்லம் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டியது. மறுநாள் காலையில் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். அண்ணி பார்த்துவிட்டாள்.

"களி யாருக்கு?"

"வேலை செய்யற எடத்துல ஒண்ணு வயசுக்கு வந்துருக்குது அண்ணி."

"அங்க எல்லாம் காலேஜ் முடிச்ச பொண்ணுங்கன்ன? இம்மாம் லேட்டாவா?"

எலி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஏன் கொடுத்தேன் என்று இப்போது கேட்டாலும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மாசக் கடைசியில் அந்த எலிகளை மயக்கி அறுத்துக் கர்ப்பப்பையை நிறுத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் இருக்கப்போவது கொஞ்ச நாள். அதற்குள் ஒரு நல்லது நடந்திருக்கிறது, வெறும் தீனியைப் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. நெல்லிக்காய் அளவு உருட்டிக் கூண்டுக்குள் வைத்தேன். ஒன்பதாம் நம்பர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. மீசையெல்லாம் எண்ணெய்.

அடுத்தடுத்த நாட்களில், ஒன்பதாம் நம்பரோடு சேர்த்து, ஊசி போட்ட எட்டில் ஏழு வயதுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் திறந்த மறுநாளிலிருந்து களி. உப்புத் தண்ணீர் எலிகள் கம்பி வழியே மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். "உங்களுக்கும் நேரம் வரும், இருங்க" என்று சொல்வேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை பாப்பா என் நோட்டிலிருந்து எடைகளை எடுத்துப் பெரிய தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் எலிகளின் கோடு சாய்வாக மெதுவாக ஏறியது. மற்றது அதை விட்டு விலகி மேலே மேலே போனது.

"அக்கா, இதைப் பாருங்க! ஊசி போட்டதெல்லாம் குண்டாகுது! இதை யாரும் சொல்லவே இல்லக்கா."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்த ஊசியால் எலிகள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்று அவளுக்கு முன்னாலேயே வெளிநாட்டில் எழுதிவிட்டார்களாம். தனக்கென்று புதிதாக ஒன்றுமில்லையே என்று மாசக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தாள். இப்போது கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பெரிய மேடத்திடம் காட்டுவாள். அவர்தான் அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை. அவர் சரி என்றால், சென்னையில் நடக்கும் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தன் பெயரில் இதைச் சொல்வாள்.

எனக்குக் களியில் விட்ட எண்ணெயும் வெல்லமும்தான் ஞாபகம் வந்தன. "பாப்பா..." என்றேன்.

"டீயா அக்கா? எனக்கும் ஒண்ணு."

போய் டீ வாங்கி வந்தேன். குடித்து முடித்ததும் மறுபடி, "பாப்பா..." என்றேன்.

"கிளாஸை அப்படியே வைங்கக்கா, நான் கழுவுறேன்."

மாலை பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அண்ணி பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. சொன்னால் வேலை போகும். அது போனால் போகிறது, பாத்தி எப்படியும் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். நோட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதில் எதுவும் எழுதியதே இல்லை. அன்றைக்கு எழுதினேன். ஒன்பதாம் நம்பர், இந்தத் தேதியிலிருந்து, தினம் ஒரு நெல்லிக்காய் அளவு உளுந்தங்களி, வெல்லமும் நல்லெண்ணெயும் சேர்த்தது. பிறகு பதினொன்றாம் நம்பர். இப்படி ஏழு எலிக்கும் ஒரு நாள் விடாமல் எழுதி, பாப்பா வந்ததும் நோட்டை நீட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றேன்.

அவள் படித்தாள். பக்கத்தைத் திருப்பித் திரும்பவும் படித்தாள்.

"களியா?"

"ஆமா பாப்பா."

"நல்லெண்ணெய் ஊத்தியா?"

"ஊத்தாம எப்படிக் கிண்டறது?"

"அப்ப அந்த எட்டுக்கு? உப்புத் தண்ணி போட்டதுக்கு?"

"அதுங்க இன்னும் வயசுக்கு வரலியே."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எல்லாத்துக்கும் குடுத்திருந்தாக்கூட தப்பிச்சிருக்கலாம்க்கா" என்றாள். பிறகு கோடு போட்ட தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். என்னைத் திட்டவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இருவரும் பெரிய மேடத்தின் அறைக்குப் போனோம். அவர் நோட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். வந்த மறுநாள்லேருந்துதான்."

"அப்ப எது எந்த நாள்ல திறந்துச்சுங்கிற கணக்கு நிக்கும்" என்று பாப்பாவிடம் சொன்னார். "எடை, கர்ப்பப்பை, ரத்தம் எதையும் எடுத்துக்க முடியாது. புதுக் குட்டிங்கள வச்சுத் திரும்பச் செய்." பிறகு என்னிடம், "நீங்க சொல்லலன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

"சென்னையில பாப்பா பேர் போட்டுச் சொல்லப் போவுதுன்னாங்க. நாளைக்கு வேற யாராச்சும் செஞ்சி பாத்து, குண்டாவலன்னா? அவங்க வீட்ல களி இருக்காதுங்களே."

பெரிய மேடம் நோட்டை மூடினார். "முட்டை குடுக்கலையா? எங்க வீட்ல பச்சை முட்டையும் குடுப்பாங்க."

"அதுங்களுக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோன்னு குடுக்கலீங்க."

முதலில் சிரித்தது பெரிய மேடம். பிறகுதான் பாப்பா சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு புது ஏற்பாடு வந்தது. அடுத்த பதினாறு குட்டிகளில் எதற்கு எந்த ஊசி என்று எனக்குத் தெரியக்கூடாது. பாட்டில்களில் அ, ஆ என்று மட்டும் எழுதி, எது எது என்ற சீட்டைப் பெரிய மேடம் தன் மேசைக்குள் பூட்டிக்கொண்டார். முதலில் திறந்த நாலு எலிகளும் ஒரே பாட்டில் என்றதும் எனக்கு விஷயம் தெரிந்துதான் போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன் என்று கூண்டு கழுவும் அண்ணன் வாசலில் நின்று கலாட்டா செய்வார்.

கடைசி நாள் எடை பார்த்தபோது பெரிய மேடம் சீட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் எலியைத் தராசில் வைத்து நம்பரும் எடையும் சொல்ல வேண்டும், பாப்பா எழுத வேண்டும். முதல் இரண்டு எலிக்கு நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா, அக்கா. உங்க நம்பரை வச்சுத்தான் எனக்கு எல்லாமே."

சத்தமாகச் சொன்னேன். பதினாறும் முடிந்ததும் பெரிய மேடம் சீட்டைப் பிரித்தார். பாப்பா இரண்டு பக்கமும் கூட்டி, வகுத்துப் பார்த்தாள். ஊசி போட்டவை முன்போலவே சீக்கிரம் வயதுக்கு வந்திருந்தன. எடையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"குண்டாகலக்கா" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "சென்னையில மட்டும் சொல்லியிருந்தேன்னா..." என்று ஆரம்பித்து, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொரு தடவை எடை பாத்துரலாமா பாப்பா? நான் தப்பாச் சொல்லியிருந்தா?"

"பாருங்க" என்றார் பெரிய மேடம்.

ஒன்றாம் நம்பரை எடுத்துத் தராசில் வைத்து, அது அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, எடையைச் சொன்னேன்.