மீன் ஐஸில் ஒரு வயிற்றுத் துண்டு

பகல் ஒன்று பத்துக்கு என் மகள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகவே போயிருந்தது. என் மனைவியின் வயிற்றிலிருந்த புற்றுக்கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் வந்து சொல்லியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் ஏனென்று கேட்காமல் குலுக்கினார்.

எண்பதுகளின் கடைசி அது. மகள் மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவி. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் வண்டியின் பிரேக் மாதிரி சில ஜீன்கள் உண்டு, அவைதான் செல் கண்டபடி பெருகாமல் நிறுத்துகின்றன என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். கட்டியில் அந்த பிரேக் கெட்டிருக்கும். ரத்தத்திலும் கெட்டிருந்தால் அது பிறவியிலேயே வந்தது, பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம். என் மாமனாரும் வயிற்றுக் கட்டியில் போனவர். அதைக் கேட்ட நாளிலிருந்து, மகளும் அவள் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தால் எத்தனை வாய் சாப்பிடுகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டியில் ஒரு துண்டு, நல்ல வயிற்றில் ஒரு துண்டு, ஒரு குழாய் ரத்தம். டாக்டரிடம் கேட்டு வாங்கிய இந்த மூன்றும் கெடாமல் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். ஆஸ்பத்திரி ஐஸ் மெஷின் பழுது. ஊரிலோ மதியம் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும் நேரம். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் விட்டுப்போன அந்தத் தூக்கம் போகவில்லை. ஸ்கூட்டரைத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைக்கு விட்டேன்.

துறையில் ஏலம் முடிந்து ஒரு மீன்காரம்மா மட்டும் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு உடனே ஐஸ் வேண்டும், வீட்டுக்காரிக்காக என்றேன். வேட்டி ஒரு பக்கம், சட்டைப் பொத்தான் ஒரு பக்கமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தினி புள்ளைங்கண்ணே?"

"ரெண்டு."

அவர் கண் கலங்கிவிட்டது. காசை வாங்கவில்லை. அரை ஆள் நீளத்துக்கு ஓர் ஐஸ் பாளத்தை இழுத்து வந்து, மரத்தூள் தூவி, சாக்கு சுற்றி, ஸ்கூட்டரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். "தைரியமா இருண்ணே, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. மதிய வெயிலில் வீட்டு ஆள் ஓடிவந்து பாளமாக ஐஸ் வாங்க எங்கள் ஊரில் ஒரே காரணம்தான் உண்டு: பிணத்தைக் கிடத்த. திரும்பிப் போய்ச் சொல்ல நேரமில்லை. முதுகில் ஐஸ் தண்ணீர் வழிய, தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார். மகள் பாளத்தைப் படிக்கட்டில் உடைத்துப் பெட்டியை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். பெட்டியில் சங்கரா மீன் வாசனை.

மறுநாள் காலை மீன்காரம்மா வார்டு வாசலில் நின்றார், கையில் ரோஜா மாலை. விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். மூக்கில் குழாயோடு கிடந்த என் மனைவி கண்ணைத் திறந்து, யாருக்கு மாலை என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்த அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"உனக்குத்தாம்மா. பொழச்சி வந்தியே."

ஐஸ் வாங்கிய கதையை நான் சொல்ல, சிரித்தால் தையல் வலிக்கும் என்று என் மனைவி கெஞ்சும்வரை மூவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகான வாரங்களில் சிரிப்பு வரவில்லை. மகனுக்கு ஒரு நாள் ஏப்பம் வந்ததற்கு நான் டாக்டரிடம் ஓடினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கட்டியிலதாம்ப்பா பிரேக் போயிருக்கு. ரத்தத்துல நல்லா இருக்கு. நாங்க பாத்த ஜீன் வரைக்கும் அம்மாகிட்டேருந்து எங்களுக்கு ஒண்ணும் வரல. தம்பிய நிம்மதியா சாப்பிட வுடு. போய் அந்த ஐஸ் குடுத்த அம்மாகிட்ட சொல்லிட்டு வா, அப்படியே மீனும் வாங்கிட்டு வா."