இழுக்காமல் தைத்த பூக்கள்

எங்கள் வீட்டில் பட்டு நூலைத் தொய்யவிட்டவள் நல்ல பெயர் எடுத்ததில்லை. பாவு நீட்டினாலும் சரி, குச்சியில் தார் சுற்றினாலும் சரி, நூல் விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்தால் தறியில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். நான் பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. இரண்டும் பிள்ளையார்பாளையத்திலேயே, நடுவில் மூன்று தெரு. ஏழு வயதில் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தவள். நூல் கையில் பட்டால் என் விரல் தானாக இழுக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு ரிப்பன் பூ தைக்கப் போனேன். அறுபத்தாறோ அறுபத்தேழோ, அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம்.

சொல்லிக்கொடுத்தவள் என் ஓரகத்தி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். கூரம் பக்கம். எங்கள் ஜனம்தான், ஆனால் தறியை விட்டுவிட்டு நிலம் பார்த்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்திருந்தாள். நீளத்தில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். நான் கொஞ்சம் கேலி பண்ணினேன். கொஞ்சம் என்ன, நிறையவே பண்ணினேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அதிலும் எனக்குக் கோபம்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மார்கழியில் ஒரு விடியற்காலை, வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். குழந்தை பிறந்தது, அழவில்லை. ஓரகத்திக்கு நினைவு தப்பிவிட்டது. மருத்துவச்சி பழைய வேட்டித் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. மாமியார் வந்து வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பிறகு கொழுந்தனும் இன்னும் இரண்டு ஆண்களும் வேகவதி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார்கள். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குள் மாமியார் என்னை அடுக்களைக்கு இழுத்துப் போய், என் மகனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினாள். அவனுக்கு அப்போது நாலு வயது. அவன் தலையில் என் கையை வைத்தாள். என்ன குழந்தை என்று அவளிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள். கொழுந்தனிடமும் அப்படியே சத்தியம் வாங்கினாள்.

“பொண்ணுன்னு தெரிஞ்சா மனசுக்குள்ள பேரு வெச்சிடுவாம்மா. பேரு வெச்சிட்டா எப்படி மறப்பா? தெரியாமலே போவட்டும்.”

அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. மாமியார் கெட்டவள் அல்ல. அவளுக்குத் தெரிந்த மருந்து அது.

ஓரகத்தி எதையும் கேட்கவில்லை. பேச்சே நின்றுவிட்டது. சோறு கொடுத்தால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். மற்ற நேரமெல்லாம் நடு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் என் பின்னாலேயே வரும். நான் தண்ணீர்க் குடத்தோடு போனால் குடத்தோடு வரும், ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தால் அங்கே வரும். எனக்கு முதுகு எரியும். வாய் ஓயாத எனக்கு அந்த வீட்டில் பேசப் பயமாகிவிட்டது, எங்கே நழுவி விழுந்துவிடுமோ என்று. கொழுந்தன் தறியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அந்தப் பொங்கலுக்கு வீட்டில் கரும்பு வாங்கவில்லை.

ஒரு நாள் அவள் பெட்டியிலிருந்த சேலைகளை வெயிலில் காட்டலாம் என்று திறந்தேன். அடியில் ஒரு மர வளையம், அதில் மாட்டிய தலையணை உறை, அட்டையில் சுற்றிய ரிப்பன்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் சடையில் கட்டுகிற அகல ரிப்பன் இல்லை. சுண்டுவிரல் நகத்துக்குப் பாதி அகலம், தொட்டால் வழுக்குகிற பட்டு. உறையில் ஒரு பூ பாதியில் நின்றிருந்தது. நூலால் தைத்ததில்லை, ரிப்பனையே ஊசியில் கோத்துத் தைத்தது. இதழ்கள் துணியின் மேல் உப்பிக்கொண்டு நின்றன.

அதை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். தேற்ற வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே ரிப்பனைக் கோத்து, அடியிலிருந்து மேலே வாங்கி, இதழ் நீளத்துக்குத் தள்ளி மறுபடி குத்தி, என் வழக்கப்படி ஒரே இழுப்பு. உப்பிய இதழ் சுருங்கிக் கயிறாகப் படுத்துவிட்டது. ஊசி சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்னொன்று தைத்தேன், அதுவும் கயிறு. மூன்றாவதும் அப்படியே. நாலாவதை இழுக்கும்போது அவள் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

“அப்படி இஸ்காதக்கா. அதுக்கு மூச்சு வுட எடம் குடு.”

பதினெட்டு நாளைக்குப் பிறகு வந்த பேச்சு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலும், கையை எடுத்துக்கொண்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி எழுந்து போனேன். ஆனால் மறுநாள் மத்தியானம் வளையத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பச்சை உடம்புக்காரி ஊசி பிடித்தால் கண் கெட்டுவிடும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், நாற்பது நாள் ஆகாமல் தொடக்கூடாது. அதனால் வாய் அவளுடையது, கை என்னுடையது. ரிப்பனை ஒன்றரைச் சாணுக்கு மேல் வெட்டாதே, துணிக்குள் போய்ப் போய் வந்தால் நைந்துவிடும் என்பாள். முடிச்சுப் போட்டால் அடியில் புடைக்கும், நுனியை மடித்து அதன் மேலேயே ஊசியைக் குத்தி வாங்கு என்பாள். இதழ் தைக்கும்போது அடியில் இன்னொரு ஊசியைப் படுக்க வைத்து, அதன் மேல் ரிப்பன் தளர்வாக உட்கார்ந்த பிறகு உருவச் சொன்னாள். என் முரட்டுக் கைக்கு அந்த ஊசிதான் கடிவாளம். ஒரு வாரம் போன பிறகு கயிறுகள் குறைந்தன.

இலை வேறு பாடு. ரிப்பனைத் துணியின் மேல் படுக்க வைத்து, நுனிக்குக் கொஞ்சம் உள்ளே ரிப்பனின் நடு முதுகிலேயே ஊசியைக் குத்திக் கீழே வாங்க வேண்டும். மெதுவாக வாங்கும்போது இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு, கூர் நுனி தானாக வரும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தமாட்டேன். இலை முழுசாக ஓட்டைக்குள் போய் மறைந்துவிடும். இலை எங்கே என்று அவள் துணியைத் திருப்பித் திருப்பித் தேடுவாள், வேண்டுமென்றேதான். கேலி பண்ணுகிற முறை அவளுக்கு வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பூவின் நடுவுக்கு ஊசியில் ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தினால் வருகிற குட்டி முடிச்சுகள் மட்டும் எனக்கு அத்துப்படி. அதில் இழுக்கலாம்.

ரோஜாவில்தான் என் மானம் திரும்பியது. நூலால் நடுவிலிருந்து சக்கரத்து ஆரம் மாதிரி ஐந்து கால் போட்டுக்கொண்டு, ரிப்பனை ஒரு காலுக்கு மேலே, அடுத்த காலுக்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஏன் ஐந்து, ஏன் நாலு இல்லை என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மேலே ஒன்று கீழே ஒன்று போவதை எனக்கா சொல்லித் தர வேண்டும்? கால்கள் பாவு, ரிப்பன் ஊடை. நாலு கால் வைத்தால் ஒவ்வொரு சுற்றும் போன தடத்திலேயே போகும், பின்னல் விழாது. கால் மணி நேரத்தில் ரோஜா முடிந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பரிசு வாங்கின மாதிரி நான் அன்றைக்கு வீடு முழுக்க நடந்தேன்.

ரிப்பன் தீர்ந்தது. அந்த மாதிரி ரிப்பன் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கொழுந்தன் இதை எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தானோ, ஒரு சேலையை அறுத்து இறக்கிய பிறகு, ஊடையை அடித்து நெருக்குகிற அச்சில் மிஞ்சியிருந்த பாவில் விரல் அகலத்துக்கும் குறைவாகக் கொஞ்சம் இழைகளை மட்டும் பிரித்துக் கட்டி, அரக்கு நிறத்தில் இரண்டு முழம் ரிப்பன் நெய்து கொண்டுவந்தான். அவளிடம் கொடுக்கவில்லை, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அது எங்கள் ஊர்ப் பட்டுக்கரை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. மடித்தால் மடியாது, இலை சுருளாது. அவள் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள். தறிக்குழி ஓரம் போய் உட்கார்ந்து, அச்சை இப்படி ஓங்கி அடித்தால் பூ எப்படி மலரும், தட்டினது தெரியாமல் தட்டு என்று அவனிடம் சொன்னாள். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதை ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். அடுத்த ரிப்பன் காற்றுக்கு அசைந்தது. அன்றைக்கு அவன் சாப்பாட்டுக்கு மத்தியானமே எழுந்து வந்தான்.

நாற்பது நாள் முடிந்து தலைக்கு ஊற்றிய அன்று அவளே ஊசியை எடுத்தாள். ஈரத்தலையோடு என் எதிரில் உட்கார்ந்து, கொழுந்தன் நெய்த ரிப்பனில் ஓர் இதழ் தைத்தாள். பார்த்தால் யாரோ ஊதி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது இதழுக்கு ஊசியை மேலே வாங்கியவள், அப்படியே நிறுத்தினாள்.

“அக்கா, நீதான கையில வாங்கின. என்னா கொழந்த?”

அந்த நாற்பது நாளும் அவள் கண் என் பின்னாலேயே வந்தது இதற்குத்தான். நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. பெற்றவள் அவள். என் மகன் கூடத்தில் காலித் தார்க்குச்சிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் உச்சந்தலை எனக்குத் தெரிந்தது. எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு. தெரியாது என்று சொல்லிவிடலாம், இருட்டில் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவள் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“பொண்ணும்மா,” என்றேன். “உன் மூக்குதான். அப்படியே உன் மூக்கு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அடுக்களை வாசலில் மாமியார் நிற்கிறாள். கையில் மாவு. எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிப்போய் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால் ஒன்றும் வராது என்று நினைத்தேனோ என்னவோ.

மாமியார் கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலில் என்னிடம்தான் வந்தாள்.

“என்கிட்ட பண்ண சத்தியந்தான? உன்ன அதுலருந்து நானே வுட்டுட்டேன். உன் புள்ளைக்கு ஒண்ணும் வராது,” என்றாள்.

பிறகு சின்னவள் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். தலையணை உறையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், அந்த ஒற்றை இதழைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“வெந்நீர் வெச்சிதான் ஊத்துனேன். பச்சத்தண்ணி ஊத்தல. மார்கழி மாசமாச்சே, கொழந்தைக்குக் குளுருமேன்னு.”

ஓரகத்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மாமியாரின் மடியில் தலையைச் சாய்த்து, பிள்ளை பெற்ற நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.